யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவருக்கு 34 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. சொந்த ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மென்டராக, அதாவது வழிகாட்டியாக, இருக்க ஆசைப்படுகிறார். போன வருடம் பள்ளிக்குப் போய்ப் பேசினார், 15 பேரைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்றும் தொடங்கினார். முதல் வாரம் எல்லாரும் கும்பிடு போட்டார்கள். இரண்டாம் மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எங்கே தப்பு செய்தேன்?" என்கிறார்.

தப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நானும் அங்கேதான் தொடங்கினேன். 11 வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் புரொஜெக்டர் வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். கனவு, லட்சியம், விடாமுயற்சி, நடுநடுவே வெளிநாட்டு அலுவலகங்களின் படங்கள். பிள்ளைகள் நன்றாகக் கை தட்டினார்கள். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்து நின்றார்கள். ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தாள். அவள் கேட்கவில்லை என்றதும் இவளே கேட்டாள்: "சார், ஹாஸ்டல்ல ராத்திரிக்கும் சோறு போடுவாங்களா?"

அவள் அப்பா வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கியதற்கே இப்படி நாலைந்து விஷயம் தெரியாததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ராத்திரிச் சாப்பாடு உண்டா, மாதத்துக்கு எவ்வளவு ஆகும், சனிக்கிழமை ஊருக்கு விடுவார்களா, உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள். ஒன்றரை மணி நேரம் பேசியவனுக்கு இதில் ஒன்றுக்குக்கூட பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராக 26 பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். நாலு பேர் பாதியில் படிப்பை விட்டுவிட்டார்கள். அதில் ஒருவன் விட்டதற்கு நானும் ஒரு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளிடம் ஊக்கத்துக்குக் குறைவில்லை. இருட்டோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஏழரை மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு ஓடி வருகிறவனுக்கு விடாமுயற்சியைப் பற்றி நான் என்ன சொல்லித் தர? அவனுக்குத் தெரியாதது வேறு. யாரிடம் கேட்பது, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது. படித்த குடும்பமாக இருந்தால் ஒரு சித்தப்பாவோ அத்தையோ சாப்பிடும்போது போகிற போக்கில் இதையெல்லாம் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்குத் தான் கற்றுக்கொண்டோம் என்பதே தெரியாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவன் வீட்டில் அந்தச் சித்தப்பா இல்லை. மென்டருக்கு உள்ள இடம் அதுதான்.

வழிகாட்டி என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. சாலையோரம் நடப்பட்ட கைகாட்டி மரமும் வழிகாட்டிதான். அது நின்ற இடத்திலேயே நிற்கும். நீங்கள் கொஞ்ச தூரம் கூட நடக்க வேண்டியிருக்கும்.

ஒரு பையன் கதை சொல்கிறேன். பொறியியல் முதலாண்டு. கல்விக் கடனுக்கு வங்கியில் போனஃபைட் சான்றிதழ் (இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறான் என்ற சான்று) கேட்டார்கள். கல்லூரி அலுவலகத்துக்குப் போனான். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் "அப்புறம் வா" என்றார். திரும்பிவிட்டான். மறுநாளும் போனான், அதே பதில். மூன்றாம் நாள் அவன் போகவே இல்லை. இரண்டு வாரம் கழித்து நான் கேட்டபோது, "தர மாட்டேங்கிறாங்க சார்" என்றான். யாரும் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் ரேஷன் கடையிலும் தாலுகா அலுவலகத்திலும் அப்பாவோடு போய் நின்று பழகியவனுக்கு "அப்புறம் வா" என்றால் "உனக்குக் கிடையாது, போ" என்றுதான் கேட்கிறது.

அந்த அலுவலகத்துக்கு நான் போன் செய்திருக்கலாம், அரை மணியில் முடிந்திருக்கும். செய்யவில்லை. ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். "சார், எத்தனை மணிக்கு வரட்டும்?" போனிலேயே நான் கிளார்க்காக இருந்து அவனை ஐந்தாறு தடவை கேட்க வைத்தேன். முதல் இரண்டு தடவை "சார்" என்றதோடு நின்றுவிட்டான். ஐந்தாம் தடவை முழுசாக வந்தது. மறுநாள் மத்தியானம் மூன்றரைக்கு வரச் சொன்னார்கள், நாலு மணிக்குச் சான்றிதழ் கையில். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் அவனுக்கு எந்த ஜன்னலும் பயமில்லை. நான் போன் செய்திருந்தால் ஒரு சான்றிதழோடு முடிந்திருக்கும்.

நம் ஊரில் இந்த வேலையை அழகாகச் செய்தவர்களைத் தேடினால் எனக்கு ஞாபகம் வருவது ராமானுஜனைச் சுற்றி இருந்த மனிதர்கள். ராமானுஜன் என்றால் எல்லாருக்கும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிதான் நினைவுக்கு வருவார். அவருக்கு முன்னால் சிலர் இருந்தார்கள். கணிதத்தைத் தவிர மற்றவற்றைக் கோட்டைவிட்டு, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. (அந்நாளில் பட்டப்படிப்புக்கு முந்தைய தேர்வு) தேறாமல் நின்ற பையன் ராமானுஜன். 1910இல் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர். ராமானுஜன் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். இவனை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைப்பது பாவம் என்று பட்டது. வேலை தரவில்லை, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்த வழியில்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போனார். அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். சும்மா இருந்து பணம் வாங்குவது ராமானுஜனுக்கே பிடிக்கவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவானார். அங்கே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர், அவரும் கணிதம் படித்தவர். சாயங்காலம் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். ராமானுஜன் பத்துப் படிகளை ஒரே தாவாகத் தாவுவார். எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், நடுவில் உள்ள படிகளையும் எழுது என்று நாராயண ஐயர் வற்புறுத்தினாராம். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்ததால்தான். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் இரண்டு பேருக்கு எழுதியும் பிரயோஜனம் இல்லை. மூன்றாம் கடிதமும் போனது என்பதுதான் விஷயம்.

இவர்களில் யாரும் ராமானுஜனை விடக் கணக்குத் தெரிந்தவர்கள் இல்லை. யாரைப் பார்க்க வேண்டும், எப்படி எழுதினால் எடுபடும் என்பது தெரிந்தவர்கள். "எனக்கு அவர்கள் படிக்கிற பாடம் தெரியாதே" என்று தயங்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் எங்கே போவது, என்ன கேட்பது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு வீட்டுப்பாடம் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்கு எப்படிக் கணக்கிடுகிறார்கள் (கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50) என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் நீங்களே ஒரு முறை உட்கார்ந்து படியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இல் வந்தது, பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இல். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்ட். இவற்றை அந்தந்த வருடம் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள், நிபந்தனைகள் மாறும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள்: சான்றிதழ்களைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாகப் போக வேண்டும். மே மாதம் முடிவு வந்த மறுநாள் ஊரே வரிசையில் நிற்கும். ஏப்ரலில் போனால் வி.ஏ.ஓ. டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல். என் பையன் ஒருவன் ஏழே ஏழு கல்லூரி போட்டான், ஏழும் கட்-ஆஃப்புக்கு மேலே. அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. "எத்தனை வேணும்னாலும் போடலாம்னு தெரியாது சார், அதிகமா கேட்டா தப்பா நெனப்பாங்கன்னு நெனச்சேன்" என்றான். மறுபடியும் கேட்பதில் உள்ள கூச்சம்தான். கம்ப்யூட்டரிடம் கேட்பதற்குக்கூட.

சரி, கல்லூரியில் சேர்ந்தாயிற்று. உங்கள் 15 பேரும் காணாமல் போனது இந்த இடத்தில்தான். வாட்ஸ்அப் குழு ஓர் அறிவிப்புப் பலகை. அதில் ஒருவன் "எனக்கு ஒண்ணுமே புரியல" என்று பதினாலு பேர் பார்க்க எழுத மாட்டான். தனித்தனியாகப் பேச வேண்டும், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். எனக்கு ஞாயிறு ராத்திரி எட்டு மணி. இருபது நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை, சில நாள் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் மாதம் என்ன நடக்கும் தெரியுமா? "எப்படிப்பா இருக்க?" "நல்லா இருக்கேன் சார்." "படிப்பு?" "நல்லா போகுது சார்." "ஏதாவது பிரச்சினை?" "இல்ல சார்." முடிந்தது. இந்தக் கேள்விகளுக்கு இந்தப் பதிலைத்தவிர வேறு எதுவும் வராது. பெரியவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று சொல்லித்தான் அவனை வளர்த்திருக்கிறார்கள். "நல்லா" என்று சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள். நான் வழக்கமாகக் கேட்பது: "நேத்து மத்தியானம் யாரோட சாப்பிட்ட?"

இந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் தெரிந்துவிடும். இரண்டு மூன்று பெயர் வந்தால் நிம்மதி. "தனியாத்தான் சார்" என்று வந்தால் காது கொடுக்க வேண்டும். "சாப்பிடல சார்" என்றால் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். மெஸ் பணம் கட்டவில்லையா, சாப்பாடு பிடிக்கவில்லையா, கேன்டீனில் மற்ற பையன்கள் பேசுகிற இங்கிலீஷுக்குப் பயந்துகொண்டு அறையிலேயே இருக்கிறானா. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இன்னொரு கேள்வி: "இந்த வாரம் எந்த கிளாஸ்ல சுத்தமா புரியல?" புரிகிறதா என்று கேட்டால் புரிகிறது என்பான். எது புரியவில்லை என்று கேட்டால், புரியாதது சகஜம் என்று நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது, தைரியமாகச் சொல்வான். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் முதல் செமஸ்டரில், "சார், வைவாவுக்கு மட்டும் நான் இன்னும் புக்கு வாங்கல" என்றாள். வைவா என்பது வாய்மொழித் தேர்வு. அதை ஒரு பாடம் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று.

சாப்பாட்டுக் கேள்வி எனக்கு ராமானுஜனிடமிருந்துதான் வந்தது என்றுகூடச் சொல்லலாம். 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். கொஞ்ச நாளில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. சுத்த சைவம், கல்லூரி உணவுக்கூடத்தில் சாப்பிட முடியாது, அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். போர்க் காலத்தில் காய்கறிக்கும் திண்டாட்டம். ஹார்டி அவருக்குச் செய்தது கொஞ்சமல்ல. 1918இல் எஃப்.ஆர்.எஸ். (லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற கௌரவம்) கிடைத்ததில் ஹார்டியின் உழைப்பு இருக்கிறது. கணித உலகம் ராமானுஜனைக் கண்டுகொண்டதே அவரால்தான். ஆனாலும் இருவரும் கணக்கைத் தாண்டிச் சொந்த விஷயம் அதிகம் பேசிக்கொண்டதில்லை என்றே அவர்களைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1917இல் படுத்த உடம்பு தேறவில்லை. 1919இல் ஊர் திரும்பி, மறுவருடம் ஏப்ரலில் 32 வயதில் போய்விட்டார். யாராவது கேட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு அந்த அறை ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது திருத்துவது. இதில்தான் நம்மில் பலர் கோட்டைவிடுகிறோம். ஏழைப் பிள்ளை, மனது நோகக்கூடாது என்று, எழுதிக் காட்டியது எப்படி இருந்தாலும் "சூப்பர்பா" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. இவர் நம்மிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்று புரிந்துகொள்வார்கள். அமெரிக்காவில் டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹென் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரையை ஆசிரியர்கள் திருத்திக் கொடுத்தார்கள். விருப்பமிருந்தால் மறுபடி எழுதித் தரலாம். பாதிப் பேரின் தாளில் ஒரு சீட்டு: உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரியும், அதனால்தான் இத்தனை குறிப்பு எழுதியிருக்கிறேன் என்று. மீதிப் பேருக்குப் பொதுவான ஒரு சீட்டு. கறுப்பின மாணவர்களில் பொதுச் சீட்டு கிடைத்தவர்களில் 17 சதவீதம் பேர்தான் மறுபடி எழுதினார்கள். அந்த முதல் சீட்டு கிடைத்தவர்களில் 72 சதவீதம். சிவப்பு மை ஒரே அளவுதான். எதற்காகத் திருத்துகிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்ததில்தான் வித்தியாசம்.

இதை நான் படித்த பிறகு செய்து பார்த்தது: ஒரு பெண் கோடை விடுமுறைப் பயிற்சிக்காக ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினாள். பொருள் என்ற இடம் காலி. ஆரம்பமே "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ புவர் ஸ்டூடண்ட்." அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல் வரியை அடிக்கச் சொன்னேன். "நீ ஏழைங்கறது அவருக்கு எதுக்கு? நீ போன செமஸ்டர்ல என்ன செஞ்சே, அதைச் சொல்லு." ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் மெதுவாக, மண்ணின் ஈரத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவி செய்து தன் தோட்டத்தில் வைத்துப் பார்த்ததைச் சொன்னாள். எனக்கே அது தெரியாது. நாலு தடவை திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும், இது போதாது, உனக்கு இதைவிட நன்றாக எழுத வரும் என்று சேர்த்தே எழுதினேன். ஐந்தாவது வடிவம் போயிற்று. எட்டு வரி, எட்டும் அவள் எழுதியது. அந்தப் பேராசிரியர் பதிலே போடவில்லை, அது வேறு. அதே கடிதத்தை அவள் இன்னும் மூன்று பேருக்கு அனுப்பினாள், ஒருவர் வரச் சொன்னார்.

அரியர் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடத்தில் இருந்தவனுக்கு முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தால் உலகமே இடிந்துபோகும். வீட்டில் சொல்ல மாட்டான், உங்களிடம் கட்டாயம் சொல்ல மாட்டான். அதனால் ஆகஸ்டிலேயே நான் சொல்லிவிடுவேன்: எனக்கு இரண்டாம் வருடம் மூன்று அரியர், ஒன்றை மூன்றாம் தடவைதான் பாஸ் செய்தேன், யாரிடம் போய் என்ன நோட்டு வாங்கினேன் என்பதுவரை. விழுந்த பிறகு சொன்னால் ஆறுதல் மாதிரி இருக்கும், முன்னாலேயே சொன்னால் தகவல் மாதிரி இருக்கும். பிள்ளைக்குத் தகவல்தான் உபயோகம். பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரும்போது நேரில் பாருங்கள். நான் பார்த்தவரை, படிப்பை விடுகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டு விடுவதில்லை. பொங்கலுக்கு வருவார்கள், பையை எடுத்துக்கொண்டு திரும்ப மாட்டார்கள், அவ்வளவுதான்.

இனிப் பணம். ஒருவன் படிப்பை விட்டதற்கு நானும் ஒரு காரணம் என்றேனே, அந்தப் பையன் விஷயம் இதுதான். செமஸ்டர் கட்டணத்துக்கு 18,000 ரூபாய் குறைந்தது, நான் கொடுத்தேன். "நல்லா படிச்சா போதும்" என்று சொல்லியும் விட்டேன். நல்ல எண்ணத்தில்தான். அந்த செமஸ்டரில் அவனுக்கு நாலு அரியர். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை. எப்படி எடுப்பான்? நான் கடன் கொடுத்தவன் ஆகிவிட்டேன், அவன் கெடு தவறியவன் ஆகிவிட்டான். அடுத்த ஜூனில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அவன் அம்மா சொல்லித்தான் தெரியும். இப்போது என் பிள்ளைகளுக்கு நான் நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. வங்கிக் கடன், உதவித்தொகை, அறக்கட்டளை, எதுவானாலும் அவர்களே விண்ணப்பிக்கக் கூட இருப்பேன். நிஜமாகவே அவசரம் என்றால் வேறொருவர் வழியாகப் போகும், என் பெயர் வராது. இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள், கல்நெஞ்சம் என்பார்கள். இருக்கட்டும்.

பெற்றோரைப் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். வீட்டுக்கு ஒரு தடவை போங்கள், கொடுக்கிற காப்பியைக் குடியுங்கள், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். ஒரு பொறி மட்டும் ஜாக்கிரதை: "நீங்க சொன்னா கேப்பான் சார், அந்தப் படிப்பெல்லாம் வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க." அன்று நீங்கள் சொன்னால் மறுநாளிலிருந்து நீங்கள் அப்பாவின் ஒற்றர். நான் அப்போது சொல்வது, "மூணு பேரும் உக்காந்து பேசுவோம்ங்க, அவனும் இருக்கட்டும்." பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம். அம்மாவுக்குத் தெரிந்து, அம்மாவும் கேட்கிற மாதிரி பேச்சு. சந்திப்பு பள்ளியிலோ நூலகத்திலோ, நாலு பேர் நடமாடும் இடத்தில். ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் கிடையாது. என் மனைவியோடு பேசுகிற பிள்ளைகள்தான் அதிகம் மனம் விட்டுப் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் உங்கள் மேல் சந்தேகம் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு வேறொருவர் வருவார், அவரிடமும் இதை எதிர்பார்க்க அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்களால் முடியாதது சிலவும் வரும். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். போனை வைக்காமல் பேசிக்கொண்டே, பக்கத்தில் ஒரு பெரியவரை வரவழைத்து, மருத்துவ உதவிக்குக் கொண்டுபோங்கள். 14416, 104 என்ற உதவி எண்கள் இரண்டிலும் தமிழில் பேசலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு யாராவது தொந்தரவு கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் 1098, குழந்தைகள் உதவி எண். ரகசியம் காப்பேன் என்று முன்கூட்டி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உனக்கு ஆபத்து என்றால் வேறொருவரிடம் சொல்வேன் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

எத்தனை பேர் என்று கேட்டீர்களானால், இரண்டு. ஒரு வருடம் முழுசாக இருக்க முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் 1,100க்கும் மேற்பட்ட பதின்வயதுப் பிள்ளைகளை வைத்து 2002இல் எழுதிய ஆய்வில், ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் நல்ல மாற்றம் அதிகம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிய மதிப்பே குறைந்திருந்தது. யாரும் வராமலே இருந்த பிள்ளைக்கு நஷ்டமில்லை. வந்துவிட்டுப் பாதியில் போனால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று அது நினைத்துக்கொள்கிறது. உங்களுக்கு ஆன்சைட், அதாவது வெளிநாட்டு வேலை, வாய்ப்பு வருகிற வருடமாக இருந்தால் அடுத்த வருடம் தொடங்குங்கள், தப்பில்லை.

இரண்டாம் வருடம் போன் குறையும். மூன்றாம் வருடம் தீபாவளிக்கு ஒரு மெசேஜ். சிலருக்கு இதில் வருத்தம், நன்றி இல்லையே என்று. எனக்கும் இருந்தது, பொய் சொல்லவில்லை. போனஃபைட் பையன் இருக்கிறானே, அவனை மூன்றாம் வருடம் ஒரு நாள் நானாகக் கூப்பிட்டேன். "சார், ஒரு ஜூனியர் பையனைக் கூட்டிட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கறேன், அப்புறம் கூப்பிடறேன்" என்றான். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான். கூப்பிடவும் இல்லை.

உங்கள் 15 பேர் குழுவைக் கலைக்க வேண்டாம். உதவித்தொகைக் கடைசித் தேதி போட அது இருக்கட்டும். அதிலிருந்து இரண்டு பேரை எடுங்கள். நன்றாகப் பேசுகிறவர்களை விட்டுவிடுங்கள், முதல் வாரம் கும்பிடு மட்டும் போட்ட இரண்டு பேர். இந்த ஞாயிறு கூப்பிடுங்கள். உங்களுக்கு 34 வயதுதான் ஆகிறது, சார் வேண்டாம், அண்ணா என்று கூப்பிடச் சொல்லுங்கள், பாதித் தூரம் குறையும். முதல் இரண்டு வாரம் எடுக்க மாட்டார்கள். ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது போன் தம்பி கையில் இருக்கும். அம்மா நம்பரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.